நான்காவது குழியும் மஞ்சள்

ஜனவரி 8

நாத்தனாருக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். போனை எடுக்காதவளிடம் வேறு எப்படிக் கேட்பது? ஏழு முறை அழைத்தேன். எட்டாவது முறை உன் வீட்டுக்காரர் எடுத்து, "அவ குளிச்சிட்டிருக்காக்கா" என்றார். மாலை நான்கு மணிக்கு யார் குளிப்பார்கள்? பாவம், அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதச் சண்டையை மறுபடி ஆரம்பிக்க எழுதவில்லை. மொட்டைவால் உன் மகள் முகத்தை நக்கியது தப்பு. அதற்காக நீ, "இந்த நாய் இருக்கிற வீட்டுல என் பிள்ளை கால் வைக்காது" என்றதும் தப்பு. "சரி, நாய்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று நான் சொன்னது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. ஒரு வாரம் தங்க வந்தவள் மத்தியான பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாய். அது கிடக்கட்டும்.

விஷயம் வேறு. திங்கட்கிழமை பண்ணையில் ஒரு ஆடு பாறையில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் அறுத்தோம். குட்டிகளுக்கு ஊசி போட வந்த மாட்டு டாக்டர் அங்கேயே நின்றிருந்தார். ஈரலை எடுத்துக் காட்டினேன். அதில் திராட்சைப் பழம்போல் வெள்ளை வெள்ளையாய், உள்ளே தண்ணீர் நிறைந்த கொப்புளங்கள். அவர் முகம் மாறிவிட்டது.

"இந்த வீட்டுல நாய் இருக்கா?" என்று கேட்டார். மொட்டைவால் அப்போது அவருடைய செருப்பைத்தான் மோந்துகொண்டிருந்தது.

இந்தக் கொப்புளத்தைத் தின்னும் நாயின் குடலில் சின்னஞ்சிறு நாடாப்புழு வளருமாம். முட்டை அதன் கழிவோடு வெளியே வந்து புல்லிலும் ரோமத்திலும் ஒட்டி, நம் கை வழியாக வாய்க்குள் போய்விடுமாம். பிறகு ஆட்டுக்கு வந்த மாதிரியே நமக்கும் ஈரலில் கட்டியாம். "வீட்டுல எல்லாரும் ரத்தம் கொடுத்துப் பார்த்துடுங்க. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில இப்போ இந்தப் பரிசோதனை செய்யறாங்க. அங்க யாரையாவது தெரியுமா?" என்றார்.

"தெரியும். பேச்சுவார்த்தைதான் இல்லை" என்றேன்.

உன் அண்ணனுக்கு இரண்டு மாதமாக வலது விலாவுக்குக் கீழே ஒரு மந்தமான வலி. தீவன மூட்டை தூக்கியதால் என்கிறார். சுகாதார நிலையத்து நர்ஸம்மா எனக்கும் உன் அண்ணனுக்கும் மேய்ப்பருக்கும் ரத்தம் எடுத்துக் கொடுத்தார். ஐஸ் போட்டுப் பால் வண்டியில் அனுப்புகிறேன். எனக்காக வேண்டாம், உன் அண்ணனுக்காகப் பார்.

அண்ணி

பி.கு.: மொட்டைவால் நலம். உன்னை விசாரிக்கவில்லை.

*

ஜனவரி 13

அண்ணிக்கு,

பெட்டி வந்தது. ரத்தம் வரவில்லை. வந்தது சிவப்புத் தண்ணீர். குழாயை நேராக ஐஸ்கட்டிக்கு நடுவில் செருகினால் ரத்தம் உறைந்து அணுக்கள் வெடித்துவிடும். அதை வைத்து நான் ஒன்றும் பார்க்க முடியாது. மறுபடி எடுத்து அனுப்புங்கள். அரை மணி நேரம் அப்படியே நிற்க வைத்து, துணியில் சுற்றி, அதற்கு மேல்தான் ஐஸ்.

அடுத்தது, குழாயில் பெயர். ஒன்றில் "நான்" என்று எழுதியிருக்கிறது. ஒன்றில் "மேய்ப்பர்". இன்னொன்றில் "அவர்". எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு நாளில் இருநூறு குழாய் வருகிறது அண்ணி. அதில் பாதிப் பெண்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு அவர் இருக்கிறார். என் அண்ணனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை முழுதாக, வயதோடு எழுதுங்கள். நாக்கு சுட்டுவிடாது.

நான் அன்றைக்கு உண்மையிலேயே குளித்துக்கொண்டிருந்தேன். காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருவதே மூன்றரைக்கு. நாள் முழுக்க ஊரார் ரத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறவள் வந்ததும் குளிக்காமல் என்ன செய்வாள்? ஆனால் முதல் ஏழு முறை குளிக்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கெல்லாம் சரியாகப் பதில் எழுதுங்கள்: அண்ணனுக்குக் காய்ச்சல் உண்டா? கண் மஞ்சளா? சாப்பாடு குறைந்திருக்கிறதா? இருமல்? நாய்க்குப் பச்சை ஈரல், குடல் எதுவும் போடுகிறீர்களா? இது சண்டைக்கான கேள்வி இல்லை. மறைக்காமல் எழுதுங்கள்.

சின்னவள்

*

ஜனவரி 17

நாத்தனாருக்கு,

காய்ச்சல் இல்லை. கண் வெள்ளை. இருமல் இல்லை. சாப்பாடு குறையவில்லை, குறைந்தால் நான் சந்தோஷப்படுவேன். நாய்க்கு வேகவைத்ததுதான்.

இரண்டாம் முறை ஊசி என்றதும் உன் அண்ணன் செய்த ரகளையை நீ பார்த்திருக்க வேண்டும். முரட்டுக் கிடாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடையைத் தாண்டுகிற மனுஷன், ஊசியைக் கண்டதும் சுவரில் மாட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படிக்க ஆரம்பித்துவிட்டார். நர்ஸம்மா, "முடிஞ்சுதுங்க" என்றார். "இன்னும் ஆரம்பிக்கலையே?" என்று கேட்டார் இவர்.

பெயர் எழுதிவிட்டேன். நர்ஸம்மாவிடம் எழுதித் தரச் சொன்னேன். அவருக்கு வேலை இருந்தது. நானே எழுதினேன். உன் அண்ணன் குழாயை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மூன்று முறை படித்தார். "பதினெட்டு வருஷத்துல என் பேரை நீ எழுதி இப்போதான் பார்க்கறேன். எழுத்துப் பிழைகூட இல்லையே" என்றார். எனக்கு ஏன் வெட்கம் வந்தது என்று தெரியவில்லை. இந்த வயதில்.

குழாயைத் துணியில் சுற்றியிருக்கிறேன். அது உன் மகள் இங்கே விட்டுப்போன பழைய பாவாடை. துவைத்ததுதான், பயப்படாதே.

அண்ணி

*

பிப்ரவரி 3

நாத்தனாருக்கு,

பதினேழு நாள் ஆகிறது. மூன்று நாள் வேலைதான் என்று மாட்டு டாக்டர் சொல்கிறார். ஒவ்வொரு பால் வண்டி வரும்போதும் நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து செருப்பு தேய்ந்துவிட்டது. உன் அண்ணன் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் வண்டிச் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை நிறுத்திவிடுகிறார்.

என்மேல் கோபம் இருந்தால் என் குழாயைக் கொட்டிவிடு. அவருடையதை வைத்து இப்படி விளையாடாதே.

அண்ணி

*

பிப்ரவரி 6

அண்ணிக்கு,

நான் விளையாடவில்லை. அப்படி நீங்கள் நினைத்ததுகூட எனக்கு வருத்தம்தான், ஆனால் நினைக்கும்படி நான்தான் தாமதித்தேன்.

முதலில் முடிவு: நீங்கள், இல்லை. மேய்ப்பர், இல்லை. அண்ணன், உண்டு.

கடிதத்தைக் கீழே வைத்துவிடாமல் மேலே படியுங்கள். இந்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்றால், அண்ணன் உடம்பு இந்தப் புழுவை எப்போதோ சந்தித்திருக்கிறது, அதை எதிர்க்க ரத்தத்தில் ஆள் திரட்டி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கட்டி எங்கே, எவ்வளவு பெரியது, உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் ரத்தம் சொல்லாது. அதற்கு வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

எப்படிச் செய்கிறோம் என்று கேட்பீர்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் புழுக் கட்டியிலிருந்து எடுத்த சத்தைப் பூசியிருப்பார்கள். ரத்தத்திலிருந்து தெளிந்த நீரை அதில் ஒரு சொட்டு விடுகிறோம். புழுவை எதிர்க்கும் பொருள் அதில் இருந்தால் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு கழுவி, நிறம் காட்டும் மருந்தை விட்டால், ஒட்டிய குழி மஞ்சளாகும். ஒட்டாதது தண்ணீர் மாதிரியே இருக்கும்.

உங்கள் மூன்று பேருக்கு மூன்று குழி. நான்காவது குழியில் ஒரு சிக்கல். அது வெளுப்பாக வர வேண்டியது. மஞ்சளாக வந்தது. நான்காவது தப்பென்றால் மற்ற மூன்றையும் நம்பக்கூடாது என்பது எங்கள் விதி. அதனால் மறுபடி செய்தேன். அதே மாதிரி வந்தது. புதிய பரிசோதனைப் பெட்டி வரவழைத்து மூன்றாம் முறை செய்தேன். அதனால்தான் இத்தனை நாள். இப்போது உறுதி.

அண்ணனை வரும் செவ்வாய்க்கிழமைக்குள் அனுப்புங்கள். அங்கே குட்டி போடுகிற சமயம், நீங்கள் வர முடியாது என்று தெரியும். நான் கூடவே இருப்பேன். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. தட்டையும் தலையணையையும் பிரித்து வைத்து அவரைப் பயமுறுத்தாதீர்கள்.

சின்னவள்

*

பிப்ரவரி 16

நாத்தனாருக்கு,

உன் அண்ணன் நேற்று வந்து சேர்ந்தார். கையில் ஸ்கேன் படம், பையில் மாத்திரை, வாயில் உன் சமையலைப் பற்றிய புகார். ஆகவே ஆள் நன்றாகத்தான் இருக்கிறார்.

ஈரலில் நாலு சென்டிமீட்டர் கட்டி ஒன்று, அறுவை சிகிச்சை வேண்டாம், மூன்று மாதம் மாத்திரை, மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும் என்று படித்துக் காட்டினார். எலுமிச்சை அளவு என்று டாக்டர் சொன்னாராம். இவர் எலுமிச்சையைக் கையில் எடுத்து விலாமீது வைத்து வைத்துப் பார்க்கிறார். நான் பிடுங்கிப் பிழிந்துவிட்டேன்.

நீ அவரோடு மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றதைச் சொன்னார். டாக்டர் சொன்னதை அவருக்குப் புரிகிற மாதிரி மறுபடி சொன்னாயாம். அதற்கு என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் வாய் தவறியது.

"அந்தக் கட்டில் ஐஸ் மாதிரி ஜில்லுனு இருக்கும். சின்னவளும் படுத்ததும் நெளிஞ்சா."

"எந்தக் கட்டில்ல?"

"எதுவுமில்லை."

"எந்தக் கட்டில்லன்னு கேட்டேன்."

"நான் ஒண்ணும் சொல்லலை. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா."

உன் அண்ணனிடம் ரகசியம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. உனக்குத் தெரியாதா? அரை மணி நேரத்தில் அத்தனையும் வந்துவிட்டது. நான்காவது குழி யாருடையது என்றும் வந்துவிட்டது.

சின்னவளே, என்னோடு சண்டை என்றால் போனை எடுக்காமல் இரு. பஸ் ஏறிப் போ. நாயைத் திட்டு. எல்லாம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் உடம்புக்கு ஒன்று என்றால் சொல்லாமல் இருக்காதே. நான் இங்கே உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்த அந்தப் பதினேழு நாளும் நீ அங்கே தனியாக அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாய். இனி நான் யாரைத் திட்டுவது?

உடனே எழுது. முழுதாக எழுது.

அண்ணி

*

பிப்ரவரி 20

அண்ணிக்கு,

முழுதாகவே எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் கடிதத்தில் நீங்கள் நடுவில் புகுந்து பேச முடியாது. எனக்கு இதுதான் வசதி.

ஒவ்வொரு தட்டிலும் நோயே இல்லாத ஒருவரின் ரத்தம் ஒரு குழியில் இருக்க வேண்டும். அது வெளுப்பாக இருந்தால்தான் மற்ற மஞ்சளுக்கு அர்த்தம். பெட்டியோடு ஒன்று வரும். அது போதாதென்று எங்கள் ஆய்வகத்து ஆள் ஒருவரின் ரத்தத்தையும் வைப்போம். எட்டு வருடமாக எல்லாப் பரிசோதனைக்கும் அந்த ஆள் நான்தான். குளிர்பெட்டியில் என் ரத்தத்துக்குத் தனி அடுக்கே உண்டு. மேலே "நலம்" என்று எழுதி ஒட்டியிருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இந்தப் புழுப் பரிசோதனை மட்டும் இந்த வருடம்தான் எங்களுக்கு வந்தது. உங்கள் மூன்று குழாயோடு என்னுடையதையும் வைத்தேன்.

மஞ்சளாக வந்ததும் பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இரண்டாம் முறை, கழுவிய தண்ணீரைக் குறை சொன்னேன். மூன்றாம் முறை, பெட்டி செய்த கம்பெனிக்கு இரண்டு பக்கத்துக்குச் சூடாக ஒரு புகார் எழுதி எங்கள் தலைவரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பெட்டி சரியாத்தான் இருக்கும்மா. நீதான் சரியில்லை" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து டிபன் பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு வந்தேன்.

பயந்தேன் அண்ணி. ஊருக்கெல்லாம் "இது பயப்படுகிற நோய் இல்லை" என்று சொல்கிற வாய் எனக்கு மட்டும் அதைச் சொல்ல மறுத்தது. அண்ணன் ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்தபோதுதான் தைரியம் வந்தது. அவர் படுத்திருந்த காகித விரிப்பை உருவிவிட்டு நான் ஏறிப் படுத்தேன்.

எனக்கும் ஈரலில் ஒன்று இருக்கிறது. இரண்டு சென்டிமீட்டர். ஆனால் கல். சுண்ணாம்பு மாதிரி இறுகிப்போய், எப்போதோ செத்துப்போன கட்டி. ஸ்கேன் டாக்டர், "இது போய்ச் சேர்ந்து இருபது வருஷமாவது இருக்கும். மருந்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பாருங்க" என்றார்.

இருபது வருடம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மொட்டைவாலுக்கு வயது ஐந்து.

எனக்கு எட்டு வயதில் அந்தப் பண்ணையில் ஒரு வெள்ளை நாய் இருந்தது. பெயர் சீமாட்டி. நீங்கள் வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பு. அதைக் கட்டிக்கொண்டுதான் வைக்கோலில் தூங்குவேன். என் ரொட்டியில் அது ஒரு கடி, நான் ஒரு கடி. அது முகத்தை நக்காமல் நான் பள்ளிக்கூடம் போனதே இல்லை. என் மகளை உங்கள் நாய் ஒரு தடவை நக்கியதற்குத்தான் நான் அந்தக் கூத்து ஆடினேன்.

என்னை மன்னித்துவிடுங்கள். மொட்டைவாலிடமும் சொல்லிவிடுங்கள்.

என் மகளுக்கும் பார்த்துவிட்டேன். வெளுப்பு. குளிர்பெட்டியில் என் அடுக்கிலிருந்த "நலம்" என்ற சீட்டைக் கிழித்துவிட்டார்கள். இப்போது என் பக்கத்து நாற்காலிக்காரி ரத்தம் அங்கே இருக்கிறது. அவள் நடையே மாறிவிட்டது.

சின்னவள்

*

மார்ச் 1

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை மூன்று பேருக்குப் படித்துக் காட்டினேன்: உன் அண்ணனுக்கு, மேய்ப்பருக்கு, மொட்டைவாலுக்கு. மூன்றாவது ஆள் பாதியில் தூங்கிவிட்டது. மன்னித்ததாகவே எடுத்துக்கொள்.

நான் இந்த வெற்றியை ஒரு வாரம் வைத்துக் கொண்டாடலாம் என்றுதான் இருந்தேன். இரண்டு நாள் கொண்டாடவும் செய்தேன். மூன்றாம் நாள் முடியவில்லை. ஏனென்றால் நீ முழுதாக எழுதிவிட்டாய், நான் எழுதவில்லை.

நாய்க்கு வேகவைத்ததுதான் என்று ஜனவரியில் எழுதினேன் அல்லவா? பொய். ஆடு அறுக்கிறபோதெல்லாம் குடலையும் ஈரலையும் கொல்லையில் வீசுவேன். மொட்டைவால் வாலாட்டிக்கொண்டு, அதாவது இருக்கிற அரை வாலை ஆட்டிக்கொண்டு வந்து தின்னும். வீணாகாமல் போகிறதே என்று எனக்குத் திருப்தி. நீ கேட்டபோது ஒப்புக்கொண்டால் நீ ஜெயித்துவிடுவாய் என்று தோன்றியது. உன் அண்ணன் விலாவில் அந்தக் கட்டியை வைத்தது நானாகக்கூட இருக்கலாம். மாட்டு டாக்டரிடம் கேட்டேன். "நாலு சென்டிமீட்டர் வளர எத்தனை வருஷம்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. மொட்டைவாலா இருக்கலாம், அதுக்கு முந்தின நாயா இருக்கலாம், பக்கத்துப் பண்ணை நாயாவும் இருக்கலாம். இனிமே போடாதீங்க" என்றார். உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "பெரிய ஈரலா இருந்தா எனக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கலாமே" என்றார். நான் அழ ஆரம்பித்துச் சிரித்து முடித்தேன்.

இப்போது கொல்லையில் ஆழமாக ஒரு குழி. அறுத்த கழிவெல்லாம் அதில் போய், மேலே கல் வைத்து மூடிவிடுகிறோம்.

மொட்டைவாலுக்குப் புழு மாத்திரை கொடுத்த கதையைக் கேள். சோற்றில் வைத்தோம். சோறு போயிற்று, மாத்திரை தட்டில் பளபளவென்று கிடந்தது. கறித்துண்டில் பொதிந்தோம். கறி போயிற்று, மாத்திரை உன் அண்ணன் செருப்பில் கிடந்தது. கடைசியில் உன் அண்ணன் தன் மாத்திரையை எடுத்து அதற்கு முன்னால் உட்கார்ந்து, "பாரு, நானும் போடறேன்" என்று விழுங்கிக் காட்டினார். அது அவரையே பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் மாட்டு டாக்டர் பின்னால் வந்து வாயைத் திறந்து தொண்டைக்குள் தள்ளிவிட்டார். ஆறு வாரத்துக்கு ஒரு முறை இந்த நாடகம் உண்டு. மாத்திரைக்குப் பிறகு மூன்று நாள் கட்டிப்போட்டு, கையுறை போட்டு அதன் கழிவை அள்ளிப் புதைத்தேன்.

இன்னொரு விஷயம். இந்தச் சரிவில் எங்களைப் போலப் பதினொரு பண்ணை. எல்லா வீட்டிலும் நாய், எல்லாக் கொல்லையிலும் குடல். எல்லோருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று மாட்டு டாக்டர் வீடு வீடாகப் போனார். "மாட்டு டாக்டர் எதுக்கு மனுஷ ரத்தம் கேக்கறாரு?" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். நான் போய்ச் சொன்னேன். "உன் வீட்டுக்காரருக்கு வந்தா எங்களுக்கும் வரணுமா?" என்றார்கள். நீ வந்து சொன்னால் கேட்பார்கள். வருகிறாயா?

அண்ணி

*

மார்ச் 9

அண்ணிக்கு,

நாய்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்கள், வருகிறேன்.

தலைவரிடம் கேட்டுவிட்டேன். ஒரு நாள் முகாம், ஐம்பது குழாய், ரத்தத்தைத் தெளிய வைக்க ஒரு சுழற்றும் கருவி தருகிறார். 24ஆம் தேதி காலை வண்டியில் வந்துவிடுவேன். உங்கள் முற்றத்தில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கை கழுவத் தண்ணீர், சோப்பு. நர்ஸம்மாவை அழைத்து வையுங்கள். குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுகிற வேலை உங்களுடையது. இந்த வட்டாரத்தில் அதில் அடிபட்டுத் தேறிய ஆள் நீங்கள் ஒருவர்தான்.

எனக்கு மேடையில் பேச வராது, தெரியுமல்லவா? தட்டோடும் குழியோடும்தான் பேசிப் பழக்கம். பத்துப் பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்ன சொல்லி அவர்களை உட்கார வைப்பது என்று யோசித்து இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். நீங்கள் செருப்பு தேய நடந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்களே, உங்களுக்கு ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். அளவு குத்துமதிப்பு.

மகளையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா? கேட்காமல் கூட்டி வந்துவிடுவேன். ஆனாலும் கேட்கிறேன்.

சின்னவள்

*

மே 12

அண்ணிக்கு,

மார்ச் முகாமின் கடைசி முடிவுகள் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. நாற்பத்து மூன்று பேர். முப்பத்தெட்டு வெளுப்பு. ஐந்து மஞ்சள். அந்த ஐந்தில் இரண்டு பேருக்கு ஸ்கேனில் ஒன்றுமே இல்லை. வேறு புழுவைப் பார்த்தும் இந்தப் பரிசோதனை சில சமயம் ஏமாந்து மஞ்சளாகும். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம். ஒருவருக்கு என்னைப் போலக் கல். மற்ற இருவருக்கும் சின்னக் கட்டி, இப்போதே மாத்திரை ஆரம்பித்தாயிற்று. மேல் பண்ணைப் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வயித்துல வாயுன்னு நாலு வருஷமா கஷாயம் குடிச்சிட்டிருந்தேன்டி" என்றார்.

அன்றைக்கு நான் பேசவே தேவையில்லாமல் போனதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எல்லோரும் வேலி ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் எழுதி வந்த காகிதத்தைப் பிரித்தேன். நீங்கள் சடாரென்று என்னை நாற்காலியில் உட்கார வைத்து, சட்டைக் கையைச் சுருட்டி, "இவ இந்தப் பண்ணையில வளர்ந்தவ. இதே புழு இவ ஈரலுக்குள்ள இருந்திருக்கு. பரிசோதனை செய்யறவளுக்கே தெரியலை. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றீர்கள். நர்ஸம்மா என் கையில் குத்தினார். அப்புறம் வரிசை ஓடை வரைக்கும் போயிற்று. சீட்டில் ஒன்றில்கூட "அவர்" இல்லை. மேஜைக்கு முன்னால் நின்ற பெண்களிடம் நீங்கள் போட்ட அதட்டல்தான் காரணம்: "பேரு சொல்லு. நானே எழுதிட்டேன், உனக்கென்ன?"

அண்ணனின் மூன்று மாத ஸ்கேன் இன்றைக்கு. அவர் வந்து சேருவதற்குள் இந்தக் கடிதம் வந்துவிட வேண்டும் என்று ஓடிப்போய்ப் பெட்டியில் வைக்கிறேன். ஏனென்றால் நல்ல செய்தியை அவர் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது. உள்ளே தண்ணீர் வற்றி, தோல் கழன்று மடிந்து கிடக்கிறது. சாகிற கட்டி அப்படித்தான் இருக்கும். மாத்திரை நிறுத்தியாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். ரத்தப் பரிசோதனை மட்டும் இன்னும் சில வருடம் மஞ்சளாகவே வரும். உடம்புக்குப் பழைய எதிரியை மறக்க நேரமாகும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இப்போது என் கஷ்டம். விடுமுறைக்கு மகளை உங்களிடம் விட்டு வந்து பத்து நாள் ஆகிறது. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அவள் அப்பா அவள் சைக்கிளைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். நான் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், ஆனாலும் கேட்கிறேன்: கை கழுவுகிறாளா? நாயைத் தொட்ட பிறகு, சாப்பிடுவதற்கு முன்? கீரையைக் கழுவித்தான் கொடுக்கிறீர்களா? இது சண்டைக்கான கேள்வி இல்லை.

சின்னவள்

*

மே 19

சின்னவளுக்கு,

கடிதம் அவருக்கு ஒரு மணி நேரம் முந்தி வந்தது. படித்துவிட்டு ஒன்றும் தெரியாத முகத்தோடு வாசலில் நின்றேன். அவர் இறங்கி வந்து, "என்னன்னு கேளேன்" என்றார். "என்ன?" என்றேன். "செத்துருச்சு!" என்று வேலி ஓரத்தில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார். மேய்ப்பர் மனைவி, எங்கள் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள். அவளைச் சமாதானப்படுத்தவே கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு எல்லோரும் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். விலாவில் தட்டிக்கொண்டே மூன்று கோப்பை குடித்தார்.

செருப்பு அளவு சரி. உன் குத்துமதிப்பு உன் சமையலைவிடப் பரவாயில்லை. சொன்னது நான் இல்லை, உன் அண்ணன்.

உன் மகளுக்கு வருவோம். வந்த மூன்று நாளில் முழங்காலில் இரண்டு சிராய்ப்பு, ஒரு பல் விழுந்தது. அதைப் போனிலேயே சொல்லிவிட்டாளாமே. ஆட்டுக்குட்டிக்குப் பால் புட்டி பிடிப்பது அவள் வேலை, நேரம் தவறுவதில்லை. கீரையை நான் மூன்று தண்ணீரில் கழுவுகிறேன். அவள் பக்கத்தில் நின்று எண்ணுகிறாள். இரண்டில் நிறுத்தினால் விடுவதில்லை. எல்லாம் நீ வளர்த்த வளர்ப்பு.

கை கழுவுகிறாளா என்று கேட்டிருந்தாய். கழுவுகிறாள். நாயோடு விளையாடிவிட்டு வந்தால் முழங்கை வரை சோப்பு. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நேற்று மதியம் ஒன்றைப் பார்த்தேன். மொட்டைவால் நிழலில் படுத்திருந்தது. இவள் அதன் பக்கம் ஓடினாள், பாதியில் நின்றாள், திரும்பி வந்து குழாயைத் திறந்து இரண்டு கையையும் தேய்த்துக் கழுவினாள். கழுவிவிட்டுப் போய்தான் அதன் தலையைத் தொட்டாள்.

"தொட்டதுக்கு அப்புறம்தானேடி கழுவணும்?" என்று கேட்டேன்.

"அப்புறமும் கழுவுவேன் அத்தை. ஆனா அதுக்கு இப்போதானே மாத்திரை கொடுத்துச் சுத்தம் பண்ணியிருக்கீங்க? நம்மகிட்டேர்ந்து அதுக்கு எதுவும் ஒட்டிடக் கூடாதுல்ல?"

நானும் எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தடவிக் கொடுத்தேன்.

அண்ணி